அந்தக் காரின் மூன்று சத்தங்கள்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் கண்மூடி. பழைய கார் எது வந்தாலும் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் இடப்பக்கத்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். காருக்குச் சொந்தக்காரர்தான் ஓட்ட வேண்டும். இவர் பாட்டுக்குத் தூங்குகிற மாதிரி கூடவே வருவார். முதல் தடவை வருகிறவர்கள் 'இவரை நம்பலாமா' என்கிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஷெட் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து பில் போடுவது, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் செய்வது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் நான்தான். "பயப்படாதீங்க, குறட்டை எல்லாம் விடமாட்டார்" என்று சொல்லி அனுப்பிவைப்பேன்.

கண்ணை மூடுவதற்கும் முன்னால் இன்னொரு கூத்து உண்டு. கோளாறு என்ன என்று யாரும் சொல்லக் கூடாது. சத்தத்தை வாயால் போட்டுக் காட்ட வேண்டும். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டு வருகிறவரின் காரில் கியர்பாக்ஸ் கல் மாதிரி இருக்கும். சக்கரத்துப் பேரிங்தான் தேய்ந்திருக்கும். அதனால் பெயர் சொல்கிறவர்களை அவர் நம்புவதில்லை, சத்தம் போடுகிறவர்களைத்தான் நம்புவார். ஒரு தடவை கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் என் மேஜைக்கு முன்னால் நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ங்ஙொய்ய்ய்ங்" என்றார்.

"இடது பக்கம் திரும்பும்போது கூடுதா, குறையுதா?"

வக்கீல் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து, உடம்பை வளைத்து, இன்னும் உரக்க "ங்ஙொய்ய்ய்ங்" என்றார். நான் எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன். "வலது முன்சக்கரம்" என்றார் இவர், சிரிக்காமல். அவருக்கு இதில் சிரிப்பே வராது. அந்தச் சத்தங்கள் அவருக்கு ஏதோ பாட்டு.

வீட்டிலும் இதே கதைதான். மிக்ஸி ஓடினால் கண்ணை மூடுவார். பக்கத்து வீட்டு மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் சோற்றுக் கையோடு எழுந்து போவார். நான் பேசும்போது மட்டும் காது அடைத்துக்கொள்ளும். ஒரு மத்தியானம், ஷெட்டில் வேலை இல்லாமல், தகரக் கூரை வெயிலில் படபடவென்று விரிந்துகொண்டிருந்தபோது கேட்டேன்.

"கண்ணை மூடினா உங்களுக்கு என்னதாங்க தெரியும்?"

கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"கார் காணாமப் போயிடும்" என்றார். "ரோடும் போயிடும். தண்ணி ஓடற மாதிரி ஒண்ணு மட்டும் ஓடிட்டிருக்கும். நானும் அதுல போயிட்டிருப்பேன். நடுவுல ஒரு கல்லு கிடந்தா தண்ணி அங்க வேற மாதிரி பேசும் இல்ல, அவ்வளவுதான்."

அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. நானும் என் மேஜையில் தலை வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்குக் கூரைதான் கேட்டது, அப்புறம் தூக்கம் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட மனுஷரிடம் ஒரு கெட்ட குணம். கேட்ட வேலையோடு நிறுத்த மாட்டார். பிரேக் பார்க்க வந்த காரில் கதவு கிறீச்சிட்டால் அதற்கும் எண்ணெய் விடுவார். ஏசி தண்ணீர் காலடியில் தேங்குகிறது என்று வந்தால், அடைத்த குழாயைக் குத்திவிட்டதோடு போகாமல், டேஷ்போர்டு மூடி ஆடுகிறது என்று அதற்கும் பஞ்சு வைப்பார். பில்லில் எழுதவும் விடமாட்டார். "கல்லு கிடக்கு, எடுத்துப் போட்டேன், இதுக்கு என்ன பில்லு?" என்பார். நான் கத்தாத நாளில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி ஒருநாள் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், எப்போதும் எதையோ பாதியில் விட்டு வந்த முகம். கார் நாலைந்து கை மாறிய பழசு. காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, அவ்வளவுதான் அவள் சொன்ன குறை. சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் என்று இவர் கேட்டதற்கு, வெட்கப்பட்டுக்கொண்டே "டிக், டிக், டிக்" என்றாள். வேறு ஒன்றும் வேண்டாம், அதிலேயே தெரிந்துவிட்டது. பேட்டரியின் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரும் தளர்ந்து ஆடியது. வெந்நீர் ஊற்றித் தேய்த்து, ஒயரை முறுக்கியதும் முதல் திருப்பிலேயே இன்ஜின் எழுந்துகொண்டது.

அங்கேயே விட்டிருக்கலாம். அவளை ஓட்டச் சொல்லிக் கூடப் போனவர் கண்ணை மூடிக்கொண்டே திரும்பி வந்தார். "மூணு சத்தம் சும்மா கூடவே வருது" என்றார். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் பெல்ட் கீச்சிட்டது. அடியில் சைலன்சர் குழாயின் சூடு மேலே ஏறாமலிருக்க ஒரு தகடு இருக்கும், அதன் போல்ட் துருப்பிடித்துத் தகடு சலசலத்தது. மூன்றாவது, பின்னால் டொக்கென்று ஓர் இடி. ஷாக் அப்சார்பர் போய்விட்டதோ என்று எல்லாரும் பயப்படுகிற சத்தம். டிக்கியில் ஜாக்கி அதன் பிடியிலிருந்து கழன்று கிடந்தது, அவ்வளவுதான். பெல்ட்டை மாற்றினார், தகட்டுக்குப் புது போல்ட் போட்டார், ஜாக்கியை அழுத்திப் பூட்டினார். எங்கள் ஷெட்டில் கழற்றிய பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றி டிக்கியிலேயே வைத்துவிடுவோம், மாற்றினோமா இல்லையா என்று யாரும் சந்தேகப்படக் கூடாது பாருங்கள். பழைய பெல்ட்டும் அப்படியே போனது. கார் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்தார். காற்று போகிற சத்தம்கூட இல்லை. அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு களை இருந்தது.

சில வாரம் கழித்து நான் தலை நிமிர்ந்தபோது மேஜைக்கு முன்னால் அவள் நின்றாள். கார் வந்து நின்றதே எனக்குக் கேட்கவில்லை.

"அக்கா, அந்தப் பழைய சத்தத்தைத் திரும்ப வைக்க முடியுமான்னு அண்ணன்கிட்ட கேக்கறீங்களா?"

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காரவைத்தேன். இவரும் துணியில் கை துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"அப்பாவுக்கு ஞாபகம் போயிட்டிருக்குக்கா. ஒவ்வொண்ணா. பகல்ல பக்கத்து வீட்டு அத்தை பாத்துக்கறாங்க. சாயங்காலம் என் கார் தெருவுக்குள்ள வந்தாப் போதும், அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து கேட்டைத் திறப்பார். பாப்பான்னு கூப்பிடுவார். ராத்திரி படுக்கற வரைக்கும் நான் அவருக்குப் பாப்பாதான். இப்ப கார் வர்றதே தெரியல. நானே கேட்டைத் திறந்துட்டுப் போறேன். வாங்கம்மா, யாரைப் பாக்கணும்ங்கறார்."

"நீ யாருன்னு சொல்றதுதானே?" என்றேன் புத்தியில்லாமல்.

"சொன்னா கோவம் வருது. என் பொண்ணு கார்ல வருவா, நீங்க யாருங்கறார். அவ வராம சாப்பிட மாட்டேங்கறார். தட்டை வெச்சா தள்ளிவிடறார். நேத்து என்னை வெளிய போகச் சொல்லிட்டார்." கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டே, "மெலிஞ்சுட்டார்க்கா" என்றாள்.

இவர் நேராகப் போய்க் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார். காருக்கு அடியில் நின்று வேலை செய்கிற குழி அது. மனசு சரியில்லை என்றால் அதுதான் அவருக்குப் பூஜையறை. நான் பின்னாலேயே போனேன். படித்துப் படித்துச் சொன்னேனே, கேட்காத வேலையில் கை வைக்காதீர்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"அது கல்லு இல்லியே" என்றார் குழிக்குள்ளிருந்து. "அந்த வீட்டுக்கு அதுதானே காலிங் பெல்லு."

வைத்துக் கொடுக்கலாம். ஆனால் எப்படி இருந்தது அந்தச் சத்தம்? சரிசெய்த சத்தம் இவர் மனசில் தங்குவதில்லை. தங்கினால் பைத்தியம் பிடித்துவிடுமே, எத்தனை கார். அவளையே போட்டுக் காட்டச் சொன்னார். அவளும் கீச்சிட்டாள், சலசலத்தாள். இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அது காருக்குள்ளே உட்கார்ந்து கேட்டது, வெளியே கேட்கிறவருக்கு வேறு மாதிரி இருக்கும் என்றார்.

இருந்தாலும் தெரிந்தவரை செய்தார். டிக்கியிலிருந்து பழைய பெல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் மடக்கி மடக்கிப் பார்த்தார். வெடிப்பு இல்லை, வழவழவென்று ஆகியிருந்தது, அவ்வளவுதான். "அறுந்து போகாது. ஆனா மாசாமாசம் கொண்டுவந்து காட்டணும், மறந்தா நானே வந்து நிப்பேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு மாட்டினார். தகட்டில் ஒரு போல்ட்டைத் தளர்த்திவிட்டு, ரோட்டில் கழன்று விழாதபடி கம்பியால் ஒரு கட்டுப் போட்டார். சரியாக இருந்த ஒன்றைக் கெடுக்கிறபோது அவர் கை தயங்கியதை நான் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி அது.

சாயங்காலம் மூன்று பேருமாகக் கிளம்பினோம். இவர்தான் ஓட்டினார். வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம். தெருவிளக்குகள் எரிந்தும் எரியாமலும் இருந்தன. வானத்தில் இன்னும் வெளிச்சம், தரையில் இல்லை. மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தத் துணிகள் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தன. தகடு எங்கள் காலடியில் சலசலத்துக்கொண்டே வந்தது. பின்சீட்டில் சாய்ந்திருந்த எனக்கு எங்கே போகிறோம் என்பதே மறந்துவிட்டது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும், யாரும் எங்கேயும் இறங்க வேண்டாம் என்று இருந்தது. இவர் சொல்கிற தண்ணீர் இதுதானோ என்னவோ.

அவள் வீட்டுத் தெருவில் திரும்பினோம். பெல்ட் லேசாகக் கீச்சென்றது. கேட்டுக்கு முன்னால் சாக்கடைமேல் போட்ட பலகைக்கல்லைத் தாண்டி நின்றோம். யாரும் வரவில்லை. அவள் இறங்கிக் கேட்டைத் திறந்தாள். அந்தக் கை எவ்வளவு மெதுவாகக் கொண்டியை எடுத்தது என்பது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அவள் அப்பா முன்னறையில் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். துவைத்த சட்டை, வாரிய தலை. ஸ்டூலில் பக்கத்து வீட்டு அத்தை வைத்துவிட்டுப் போன தட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடியிருந்தது.

"வாங்கம்மா" என்றார் அவளைப் பார்த்து. "பாப்பா இன்னும் வரல. வர்ற நேரம்தான்."

எங்களையும் உட்காரச் சொன்னார். அந்தக் காலத்தில் தையற்காரராம். இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கு, சட்டை அந்தப் பக்கம் இழுக்கும்" என்றார். குழியில் நின்று நின்று இறங்கிய தோள்தான். நான் பல வருஷமாகப் பார்க்காததை அவர் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார், மகளைத்தான் தெரியவில்லை.

இவர் எழுந்து போய் அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, பாப்பா கார் எப்படிச் சத்தம் போடும்? எனக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

இவர் சட்டையைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட நினைத்தேன். கோபக்காரர், ஆள் அடையாளம் தெரியாதவர், அவரிடம் போய் ஷெட்டில் கேட்கிற மாதிரி கேட்கிறாரே. ஆனால் பெரியவர் கோபிக்கவில்லை. நல்ல கேள்விதான் என்கிற மாதிரி தலையசைத்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். இவரும் மூடிக்கொண்டார்.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு பெரியவரின் பல்லுக்கு இடையிலிருந்து, எங்கோ தெருமுனையில் வருகிற மாதிரி, "ச்சில்ச்சில்ச்சில்" என்று ஒன்று கிளம்பியது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே ஒரு கார் வருகிறது என்று நான் திரும்பிப் பார்த்தேன், தெரு காலியாக இருந்தது. தொண்டையை இறுக்கி "க்கீஈஈஈச்" என்று நீளமாக இழுத்தார், அது பாதியில் மடங்கி இன்னும் மேலே போனது. உள்ளங்கையால் நாற்காலிக் கையில் தட்டினார், டொக், கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். கடைசியில் நெஞ்சிலிருந்து ஒரே ஓர் உறுமல், அப்புறம் நிசப்தம்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு மிதி மிதிப்பா" என்றார் கண்ணைத் திறந்து. "பெட்ரோல் வீணாப் போகுது பாப்பான்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சுவரில் சாய்ந்து நின்ற அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அவளைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இவர் என்னிடம்கூடச் சொல்லாமல் வெளியே போனார். டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. மறந்தேபோன மூன்றாவது சத்தம்; ஜாக்கியைப் பிடியிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"நான் ஓட்டினது தப்பும்மா. நான் கைய அளவா திருப்பிட்டேன். நீ கடைசி வரைக்கும் முறுக்கித்தானே திருப்புவ, அதான் அந்தக் கீச்சு அவ்வளவு நீளம். அந்தக் கல்லுமேலயும் மெதுவா ஏத்தாத. தெருமுனைக்குப் போயிட்டு எப்பவும் வர்ற மாதிரி வா. நல்லா மட்டும் ஓட்டிடாத."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "நான் கிளம்பறேன்" என்றாள். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பத்திரமாப் போங்கம்மா" என்றார் அவர், கும்பிட்டு.

கார் வெளியே போய்விட்டது. கேட்டை இவர் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். அறைக்குள் இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, விளக்குப் போட எனக்குக் கை வரவில்லை. ஸ்டூலில் இருந்த தட்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கடவுளே, ஒரு பழைய தகடு நன்றாக ஆடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதுவரைக்கும் அப்படி ஒரு வேண்டுதலை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

"உங்களுக்கு இந்தப் பக்கமா வீடு?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் பாதியிலேயே கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவருக்குக் கேட்டது, முகம் மாறியது. அப்புறம் எனக்கும் கேட்டது, தூரத்தில், சில்சில்லென்று. பெரியவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். கீச்சென்று அது மடங்கி மேலே போனபோது அவர் வாசற்படியில் இருந்தார். கேட்டின் கொண்டியைத் தேடவில்லை, கை தானாகப் போய் எடுத்தது. டொக், டொக். ஓர் உறுமல். இன்ஜின் நின்றது.

"வந்துட்டியா பாப்பா. ஏன் இவ்வளவு நேரம்?"

அவள் கதவைத் திறந்தாள், இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"கடையில கூட்டம்பா" என்றாள்.

நான் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன், வெட்கமாகத்தான் இருந்தது. இவர் தலை குனிந்து செருப்பைத் தேடினார்.

"ஒரு அம்மா வந்திருந்தாங்க" என்று பெரியவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தினமும் வர்றாங்க. நீ வர்ற வரைக்கும் என்கூடவே உக்காந்திருப்பாங்க. சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு கெஞ்சுவாங்க, பாவம். நேத்து நான்தான் கோவத்துல வெளிய போன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. இப்பத்தான் கிளம்பினாங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நீ பாத்திருக்கலாம்."

அவள் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்கப்பா" என்றாள். "வாங்க, சாப்பிடலாம்."